ருமெனிக்கில் ஒரு மணப்பெண்

ருமெனிக், பல்கேரியா
18.10.1993

மதிப்புக்குரிய செல்வரட்ணம் அவர்களுக்கு,

வணக்கம். தடிமன், காய்ச்சல் ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா? நான் நல்ல சுகம். நீங்கள் கட்டப்போகிற துர்க்காதான் எழுதுகிறேன். முத்திரையைப் பார்த்துவிட்டு யாரோ வெள்ளைக்காரர் எழுதியிருக்கிறார் என்று மூடி வைத்துவிடாதீர்கள்.

கொழும்பில் விமானம் ஏறும்போது ஏஜென்சிக்காரர் சிவபாதம், "மூண்டு கிழமையிலை ரொறன்ரோவிலை நிப்பீர் தங்கச்சி" என்றார். இது ஒன்பதாவது கிழமை. முதலில் மொஸ்கோ, பிறகு ரயில், பிறகு சந்தைக்கு முட்டைக்கோவா ஏற்றுகிற ஒரு லொறி. கடைசியில் இந்தச் சின்னப் பட்டினத்தில், பூட்டிக் கிடந்த நெசவாலை விடுதியில் எங்கள் ஒன்பது பேரையும் இறக்கிவிட்டு, "பாதை திறக்கட்டும், வந்து ஏத்திறன்" என்று போய்விட்டார். என் அறையில் யோகராணி என்றொரு பிள்ளையும் இருக்கிறாள். அவளுடைய தமையன் ஸ்காபரோவில்தான் இருக்கிறாராம்.

அப்பா எழுதச் சொன்னது இவ்வளவும்தான். இனி எழுதுவது என்னுடையது.

நாங்கள் வந்து இறங்கிய அன்று ஊர் முழுக்க மிளகாய் சுடுகிற வாசம்! ஒவ்வொரு வாசலிலும் ஒரு தகரப் பீப்பாய், அதற்குள் நெருப்பு, அதன்மேல் கை மொத்தத்தில் சிவப்பு மிளகாய். கோவா லொறியில் வந்த வயிறு, பாருங்கள், எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு மனுசி நீட்டியதை அப்படியே வாயில் போட்டேன். உறைப்பே இல்லை. சீனி போட்டது மாதிரி இனிப்பு! யோகராணி விழுந்து விழுந்து சிரித்தாள்.

இன்னொரு பகிடி. கதவு, மரம், பஸ் தரிப்பிடம் எல்லாவற்றிலும் ஆட்களின் படம் போட்ட நோட்டீஸ். தேர்தல் காலம் என்று நினைத்துக்கொண்டேன். பேக்கரிக்கார மனுசியிடம் ஒரு மீசைக்காரரின் படத்தைக் காட்டி, இவர்தான் வெல்லுவார் என்று பெருவிரலைத் தூக்கிக் காட்டினேன். அவர் போன மாதம் செத்த அவவின் சொந்த மாமனார்!

உங்கள் பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
தி. துர்க்கா


ஸ்காபரோ, ரொறன்ரோ
12.11.1993

அன்புள்ள துர்க்கா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கண்டு எனக்கு வந்த புழுகத்தையும் சந்தோசத்தையும் எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நான் சுகமாக இருக்கிறேன். பிக்கரிங்கில் ஜெயமலர் அக்கா குடும்பமும் சுகம். இங்கே குளிர் தொடங்கிவிட்டது.

நான் வெக்ஸ்போர்ட்டில் ஒரு பிளாசாவில், படம் கழுவிக் கொடுக்கும் கடையில் வேலை செய்கிறேன். முதலாளி கிரேக்கர். ஊரார் கல்யாணம், ஊரார் பிள்ளை, ஊரார் கடற்கரை எல்லாம் என் கையால்தான் வெளியே வரும். எனக்கென்று ஒரு செய்தி வந்து நாளாயிற்று. அதனால் உங்கள் கடிதத்தைக் கடையில் மூன்று தரம் வாசித்தேன். மிளகாய்க் கதைக்குச் சத்தமாகச் சிரித்து, முதலாளிக்கும் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்குப் போய்ப் பெரிய வரைபடத்தில் ருமெனிக்கைத் தேடினேன். ஊரே இல்லை! நூலகத்துப் பெண் பூதக்கண்ணாடி தந்தும் இல்லை. டான்யூப் நதிக்குக் கீழே, குத்துமதிப்பாக ஒரு இடத்தில், யாரும் பார்க்காத நேரம் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டேன். நீங்கள் இருக்கிற ஊர் படத்தில் இல்லாமல் இருக்கக்கூடாது.

செத்தவர்களின் நோட்டீஸ் இங்கேயும் குறைவில்லை. எங்களுடைய தமிழ்ப் பேப்பரில் பாதி அதுதான்.

கம்பளிச் சட்டை ஒன்றும் சப்பாத்தும் அனுப்புகிறேன். என்னுடைய படம் ஒன்றும் உள்ளே இருக்கிறது. சிவபாதத்திடம் அக்கா போனில் நன்றாகக் கத்தியிருக்கிறா. கவலைப்படாதீர்கள்.

உங்கள் நலத்தை நினைத்தபடி,
செல்வரட்ணம்


ருமெனிக்
6.12.1993

அன்புள்ள உங்களுக்கு,

சப்பாத்து ஒரு அங்குலம் பெரிது. பழைய பேப்பரைத் திணித்துப் போட்டுக்கொண்டு ராணி மாதிரி நடக்கிறேன். நீங்கள் குளிரில் தொப்பி போடாமல் திரிவதில்லைத்தானே? எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. பாண் தின்று கன்னம் வைத்துவிட்டது.

ஏனென்று கேளுங்கள். எனக்கு வேலை கிடைத்துவிட்டது! அந்தப் பேக்கரிக்கார மனுசி, பெயர் பென்கா, மாமனாரைத் தேர்தலில் நிறுத்தியதற்குக் கோபிக்கவில்லை. அடுத்த நாளே விடுதிக்கு வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், மாவுக்கு முன்னால் நிறுத்தினா. நான் ரொட்டிக்குக் குழைப்பதுபோலக் குழைத்தேன். அவ வாயில் கை வைத்துப் பார்த்தா. இப்போது காலையில் ஐம்பது பாண் என் கணக்கு. இந்த ஊரில் விருந்தாளி வந்தால் பாணும் உப்பும் வைத்துத்தான் வரவேற்பார்கள்.

இந்தச் சனங்களை உங்களுக்கு எப்படிச் சொல்லுவேன்! கிழமை முழுக்க ஒருவரோடு ஒருவர் கோபம், ஞாயிற்றுக்கிழமை கட்டிப்பிடிப்பு. மணிக்கூட்டுக் கோபுரத்தில் எப்போதும் நாலே கால். திருத்த வேண்டாமா என்றால், "ஏன், ஒருநாளைக்கு இரண்டு தரம் சரிதானே" என்கிறார்கள். ஸ்ரேசன் மாஸ்ரர் கோச்சோ பெரிய மீசைக்காரர். ஒரு நாளைக்கு இரண்டே ரயில், காலை பதினொன்றும் பின்னேரம் ஐந்தும். அதற்கு அவர் போடுகிற தொப்பியும் ஊதுகிற விசிலும் நூறு ரயிலுக்குக் காணும். ஐந்து மணி ரயில் வராவிட்டால், தன் சொந்தத் தம்பி சொல்லுக்கேளாதவன் மாதிரி வெட்கப்படுவார்.

இன்னொன்று, நம்ப மாட்டீர்கள். இங்கே ஓம், சரி என்பதற்குத் தலையை இரண்டு பக்கமும் ஆட்டுவார்கள். உலகத்தில் எங்களுடைய தலையாட்டு செல்லுபடியாகிற ஒரே ஊர் இதுதான்!

உங்கள் படத்தைப் பென்காவுக்குக் காட்டினேன். "என்ன தலைமயிர்! சுருள் சுருளாய்" என்று கூப்பாடு போட்டா. எனக்கும் அதுதான் முதலில் கண்ணில் பட்டது. வெட்கத்தை விட்டு எழுதிவிட்டேன்.

மா ஒட்டிய கையோடு,
துர்க்கா


ஸ்காபரோ
4.1.1994

அன்புள்ள துர்க்கா,

புது வருசம் உமக்கு நல்லபடி விடியட்டும். "நீர்" என்று எழுதிவிட்டேன், கோபமில்லையே? நான் சுகம். முழங்கால்வரை ஸ்னோ.

உம்முடைய கடிதம் வந்தால் இப்போது எனக்கு மட்டும் வருவதில்லை. அப்பாட்மென்ற் லிப்டில் ஏறினால், "தம்பி, கோச்சோவின்ரை ரயில் வந்ததோ?" என்று கேட்கிறார்கள். ஐந்தாம் மாடி இக்னேசியஸ் அண்ணைக்குப் பென்காவின் பாணில் ஒரு துண்டு வேண்டுமாம். அக்கா மட்டும்தான், "உந்த ஊர்ப் புதினம் காணும், ஆள் எப்ப வாறாள்?" என்கிறா. ஜூன் மாதத்துக்கு மண்டபம் பார்த்து வைத்திருக்கிறா. சேலைக்கும் சொல்லியாயிற்று.

துர்க்கா, இங்கே நிரந்தரமாகக் குடியிருக்கத் தருகிற லாண்டட் பேப்பர் எனக்கு இன்னும் வரவில்லை. ஏழு வருசமாகக் காத்திருக்கிறேன். அது வந்திருந்தால் முறைப்படி விசா எடுத்துக் கூப்பிட்டிருப்பேன், உம்மைக் கோவா லொறியில் ஏற விட்டிருக்க மாட்டேன். அதை நினைக்க அந்தரமாக இருக்கிறது.

பென்காவிடம் என் வணக்கத்தைச் சொல்லும். சிவபாதம் மார்ச்சில் வழி கிடைக்கும் என்கிறார். வந்துவிடும் துர்க்கா. சுறுக்காக வந்துவிடும்.

நாளை எண்ணிக்கொண்டிருக்கும்,
செல்வம்


ருமெனிக்
17.3.1994

அன்பின் செல்வம்,

பனி கரைகிறது. நீங்கள் இருமலில்லாமல் இருக்க வேண்டும். நான் சுகம்.

மார்ச் முதலாம் திகதி காலையில் பென்கா என் கையில் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல் கட்டினா. கோச்சோவின் கையிலும் நூல்! நாய்க்கும் நூல், பேக்கரிக் கழுதைக்கும் நூல்! நாரையைக் காணும் வரைக்கும் அவிழ்க்கக்கூடாதாம், கண்டதும் பூத்த மரத்தில் கட்டிவிட வேண்டுமாம். ஊரே கையை நீட்டி நீட்டிக் காட்டிக்கொண்டு திரிகிறது. எனக்கு அம்மன் கோயில் கொடியேற்றத்துக்குக் காப்புக் கட்டியது மாதிரி இருந்தது.

யோகராணி போய்விட்டாள். திங்கட்கிழமை சிவபாதம் ஒரு வான் வண்டியோடு வந்தார். மற்ற ஏழு பேரும் ஏறின பிறகு ஒரு ஆளுக்குத்தான் இடம் இருந்தது. அவளே போகட்டும் என்று விட்டுவிட்டேன். அக்காவிடம் மண்டபத்தைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லுங்கள்.

துர்க்கா


ஸ்காபரோ
3.5.1994

துர்க்கா அவர்களுக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் சுகம்தான்.

யோகராணி வந்து சேர்ந்துவிட்டா. சனிக்கிழமை கோயிலில் கண்டேன். "அண்ணை, நீங்கள் கோவிக்கக்கூடாது, வானிலை மூண்டு சீற் சும்மா கிடந்தது. அவ கதவிலை கையை வைச்சவ, பிறகு கையை எடுத்திட்டா. காப்புக் கட்டியிருக்கு, ஊர் எல்லை தாண்டமாட்டன் எண்டு சொன்னவ. சிவபாதம் கும்பிட்டுக் கேட்டும் ஏறேல்லை" என்றா.

அக்காவுக்கும் தெரிந்துவிட்டது. "அங்கை ஆரோ ஒருத்தன் இருக்கிறான்" என்கிறா. நான் அப்படி நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்று எழுதுகிறேன், ஆனால் ஸ்ரேசன் மாஸ்ரருக்கு எத்தனை வயது என்று உங்கள் கடிதங்களில் தேடிப் பார்த்தேன். எனக்கே என்னில் வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் எனக்குப் பொய் எழுதியிருக்கிறீர்கள். ஏன் என்று மட்டும் எழுதுங்கள்.

செல்வரட்ணம்


ருமெனிக்
24.5.1994

அன்பின் செல்வம்,

உங்கள் கடிதம் வந்த அன்று ஐம்பது பாணும் கருகிவிட்டன. பென்கா ஏசவில்லை, கதவைப் பூட்டிவிட்டுப் பக்கத்தில் இருந்தா. சுகம் கேட்க எனக்கு வாயில்லை. ஆனாலும் கேட்கிறேன், சாப்பிடுகிறீர்களா?

பொய்தான். வானில் இடம் இருந்தது. கோச்சோவுக்கு அறுபத்திரண்டு வயது, ஐந்து பேரப்பிள்ளைகள். வேறு ஒருவரும் இல்லை. என்ன சத்தியம் வேண்டும் என்றாலும் செய்கிறேன்.

அந்தத் திங்கட்கிழமை பெட்டியைக் கட்டிக்கொண்டுதான் வெளியே வந்தேன். சிவபாதம், "ஏறும், ஏறும், கேள்வி கேக்காமல் ஏறும்" என்றார். அவர் வேறு விதமாக ஒருநாளும் பேசியதில்லை. மொஸ்கோவிலும் ஏறும், லொறியிலும் ஏறும். அப்பாவும் அப்படித்தான். உங்கள் பெயரைச் சொல்லி, "இவர்தான், போட்டோ எடுக்கிற வேலை, நல்ல பிள்ளை" என்றார். நான் தலையை ஆட்டினேன். என்ன செய்வது என்று தெரியாமல் ஆட்டியதுதான். கதவில் வைத்த கையில் அந்த நூலைக் கண்டேன். அது காப்பில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் காப்புக் கட்டினவள் எல்லை தாண்டமாட்டாள் என்றால் எங்களுடைய ஆட்கள் அதற்குமேல் கதைக்க மாட்டார்கள் என்பதும் தெரியும். என் வாய் சொல்லிவிட்டது. "மாட்டன்." இருபத்து நாலு வயதில் முதல்முறை சொன்ன மாட்டன், செல்வம்! தேர் இழுத்தது மாதிரி ஒரு புழுகம் வந்தது. வான் போய்ப் புழுதி அடங்கும் வரைக்கும் நின்று பார்த்தேன்.

பத்து நாளில் நாரை வந்து பள்ளிக்கூடப் புகைக்கூண்டில் இருந்தது. நூலை அவிழ்த்து ப்ளம் மரத்தில் கட்டிவிட்டேன். அதற்குப் பிறகு சொல்ல எனக்கு ஒரு சாட்டும் இல்லை. அடுத்த வான் வந்தால் என்ன செய்வேன் என்று யோசித்தேன். அப்போதும் ஏறமாட்டேன் என்றுதான் தெரிந்தது.

உங்களில் வெறுப்பில்லை. உங்கள் கடிதம் வருகிற நாள் எனக்குத் திருவிழா. பென்சில் புள்ளி வைத்த ஆளை யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் நீங்கள் என் அப்பாவைக் கேட்டீர்கள். உங்கள் அக்கா என் சித்தியைக் கேட்டா. என்னை ஒருவரும் கேட்கவில்லை. நான் பொதி மாதிரி வந்து உங்கள் வாசலில் இறங்க மாட்டேன்.

இதற்காக நீங்கள் என்னை வேண்டாம் என்றாலும் நான் குறை சொல்ல மாட்டேன். பொய் எழுதியதற்கு மன்னியுங்கள்.

துர்க்கா


ஸ்காபரோ
28.6.1994

அன்புள்ள துர்க்கா,

ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். நீர் எப்படி? இந்தக் கடிதத்துக்கு முன் நாலு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். முதலாவது கோபம். இரண்டாவது அதைவிடக் கோபம். மூன்றாவதை எழுதும்போது நீர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை என்று தெரிந்துவிட்டது. நாலாவதில் ஒரே அழுகை. அதை உமக்குக் காட்டமாட்டேன்.

முதலில் என்னுடைய பொய். நான் அனுப்பிய அந்தப் படம் யாழ்ப்பாணத்தில் எடுத்தது, பத்து வருசத்துக்கு முந்தியது. அந்தச் சுருளெல்லாம் போய்விட்டது துர்க்கா. வெறும் மொட்டை. படம் கழுவுகிற கடையில் நிற்கிறவன், ஒரு புதுப்படம் எடுத்து அனுப்பத் துணியவில்லை. பென்காவின் கூப்பாட்டை வாசித்த அன்று கண்ணாடிக்கு முன்னால் ஒரு மணித்தியாலம் நின்றேன். உள்ளே இன்றைக்கு எடுத்த படம் வைத்திருக்கிறேன். வெளிச்சம்கூடக் குறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உலகக் கிண்ணத்தில் உம்முடைய பல்கேரியா கிரேக்கத்துக்கு நாலு கோல் அடித்தது. முதலாளி இரண்டு நாளாக என்னோடு கதைக்கவில்லை. நான்தான் அடித்தேன் என்று நினைக்கிறார்!

இனிக் கேளும். லாண்டட் பேப்பர் வந்துவிட்டது! கடிதத்தைப் பிரித்துவிட்டு, பிளாசா நடுவில் நின்று சத்தமாகக் கத்தினேன். ஒரு கிழவர் கார்க் கதவைப் பூட்டிக்கொண்டார். இப்போது நான் எங்கே வேண்டுமானாலும் போகலாம், வரலாம். ஒட்டாவாவுக்கு எழுதி பல்கேரிய விசா கேட்டிருக்கிறேன்.

ஆனால் அது பிறகு. நான் செய்ய வேண்டியதை ஒரு வருசம் பிந்திச் செய்கிறேன். உம்முடைய அப்பாவை அல்ல, சித்தியை அல்ல, உம்மைக் கேட்கிறேன். துர்க்கா, உமக்கு என்னைக் கட்ட விருப்பமா?

விருப்பமில்லை என்றால் அப்படியே எழுதும். உம்முடைய அப்பாவுக்கு, நான்தான் வேண்டாம் என்றேன் என்று எழுதுவேன். பழி உமக்கு வராது. அக்காவை நான் சமாளிப்பேன். ருமெனிக்கில் இருக்கத்தான் விருப்பம் என்றால் அதற்கும் என்னால் ஆன உதவி செய்வேன்.

உம்முடைய பதிலுக்கு, என்னவாக இருந்தாலும், காத்திருக்கும்,
செல்வம்


ருமெனிக்
11.7.1994

அன்பின் செல்வம்,

தொண்டை அடைத்துவிட்டது, அதைத் தவிர நல்ல சுகம். நேற்று ஜேர்மனியை வென்றுவிட்டோம்! இரண்டுக்கு ஒன்று! எங்களுடைய இந்தச் சின்ன ஊர், டான்யூப்பே கரை புரண்டது மாதிரி வீதிக்கு வந்துவிட்டது. கோச்சோ ரயிலே இல்லாமல் விசில் ஊதினார். ஆறு மாதமாகக் கதைக்காத இரண்டு வீட்டார் ஒரே மேசையில் ஏறி ஆடினார்கள். பென்கா மாவை அள்ளி என் தலையில் கொட்டினா. நான் தமிழில் கத்தினேன், ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. வாசித்தும் வாசிக்காமலும் சட்டைக்குள் வைத்துக்கொண்டுதான் அவ்வளவும் ஆடினேன். இன்றைக்குத் தபாற்கந்தோர் பூட்டு, தபால்காரர் இன்னும் எழும்பவில்லை.

மொட்டைத் தலைப் படத்தைப் பென்காவுக்குக் காட்டினேன். பழையதைத் தூக்கி அடுப்பில் போடப் பார்த்தா. இந்தப் படத்தில் உங்களுக்குக் கண் இருக்கிறதாம், மற்றதில் தலைமயிர் மட்டும்தான் இருந்ததாம். எனக்கும் அப்படித்தான் தெரிகிறது.

என்னைக் கேட்டதற்கு நன்றி, செல்வம். அந்த வரியை எத்தனை தரம் வாசித்தேன் என்று சொன்னால் நீங்கள் பகிடி பண்ணுவீர்கள். விருப்பம். நன்றாக யோசித்து, ஒருவரும் பக்கத்தில் நின்று சொல்லித்தராமல் எழுதுகிறேன், எனக்கு விருப்பம்.

ஆனால் கடிதத்தை மடிக்கும்போது ஒன்று யோசித்தேன். உங்கள் பெயரில் என் அப்பாவுக்குக் கடிதம் போட்டது அக்கா. மண்டபம் பார்த்தது அக்கா. சேலை எடுத்ததும் அக்கா. உங்களை யார் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லைத்தானே!

அதனால் வாங்கோ. கூட்டிக்கொண்டு போக வரவேண்டாம், பார்க்க வாங்கோ. பாணும் உப்பும் வைப்பேன். நான் சிரிக்கிறதையும் கோபிக்கிறதையும் பாருங்கள். பிறகு நான் உங்களைக் கேட்பேன். மாட்டேன் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது.

வழி பார்த்திருக்கும்,
துர்க்கா


ஸ்காபரோ
9.8.1994

அன்பின் துர்க்கா,

நான் சுகம். நீரும் தொண்டை திறந்து சுகமாக இருக்க வேண்டும்.

விசா வந்துவிட்டது, ரிக்கற் எடுத்தாயிற்று. செப்ரெம்பர் பத்தாம் திகதி சனிக்கிழமை, கோச்சோவின் காலைப் பதினொரு மணி ரயில்.

உம்முடைய கடிதத்தை பஸ்ஸில் வாசித்தேன், இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு நாலு தரிப்பிடம் தாண்டிப் போய்விட்டேன். நீர் எழுதியது உண்மை. அக்கா உம்முடைய படத்தை மேசையில் வைத்து, "நல்ல குடும்பம், நான் ஓம் எண்டு சொல்லப்போறன்" என்றா. நான் சோறு தின்றுகொண்டிருந்தேன். "ஓம்" என்றேன். முப்பத்தொரு வயதில், தட்டைப் பார்த்தபடி சொன்ன ஓம்.

அது அக்காவுக்குச் சொன்ன ஓம், துர்க்கா. உமக்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. வந்து இறங்கியதும் என்னைக் கேளும்.

செல்வம்